கட்டற்ற இயங்குதளங்கள் எதற்கு இத்தனை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டற்ற மென்பொருள், அதாவது யார் வேண்டுமானாலும் படித்து, மாற்றி, பகிரக்கூடிய மென்பொருள் பற்றிப் பேச்செடுத்தாலே சில சந்தேகங்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. எல்லாரும் சேர்ந்து ஒன்றையே வளர்த்தால் என்ன என்பது அவற்றில் முதலாவது. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

கட்டற்ற இயங்குதளம்னா லினக்ஸ்தானே? வேற என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. லினக்ஸ் என்பது லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய கெர்னல், அதாவது வன்பொருளை நேரடியாக ஆளும் மையப் பகுதி. அதோடு க்னூ திட்டத்தின் கருவிகளையும் வேறு பலவற்றையும் சேர்த்துக் கட்டியவைதான் டெபியன், ஃபெடோரா, உபுண்டு, ஆர்ச் போன்ற டிஸ்ட்ரோக்கள், அதாவது நிறுவிப் பயன்படுத்தத் தயாரான தொகுப்புகள். இதற்கு வெளியே பிஎஸ்டி குடும்பம் இருக்கிறது. பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த யூனிக்ஸின் வாரிசுகள் இவை. ஃப்ரீபிஎஸ்டியும் நெட்பிஎஸ்டியும் 1993-இல் தொடங்கின. 1995-இல் நெட்பிஎஸ்டியிலிருந்து ஓப்பன்பிஎஸ்டி பிரிந்தது. 2003-இல் ஃப்ரீபிஎஸ்டியிலிருந்து டிராகன்ஃப்ளை பிரிந்தது.

அப்புறம் சன் நிறுவனத்தின் சோலாரிஸ் வழியில் வந்த இலூமோஸ், பழைய பீஓஎஸ்ஸின் பாணியைப் பின்பற்றிப் புதிதாக எழுதப்படும் ஹைக்கூ, சிறிய கெர்னலை வைத்துக் கட்டிய மினிக்ஸ் என்று பட்டியல் நீளும். எல்லாமே அன்றாட வேலைக்கு ஏற்றவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிஎஸ்டிகளை நம்பி இன்றைக்கும் பெரிய பெரிய சேவைகள் ஓடுகின்றன. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் படங்களை அனுப்பும் சர்வர்களில் இருப்பது ஃப்ரீபிஎஸ்டிதான்.

நூத்துக்கணக்குல லினக்ஸ் டிஸ்ட்ரோ இருக்கே, அந்தப் பன்மை போதாதா?

பெயர்களை எண்ணிப் பார்த்தால் போதும் போலத்தான் தோன்றும். உள்ளே திறந்து பாருங்கள். பெரும்பாலானவற்றில் அதே லினக்ஸ் கெர்னல், அதே ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகம், சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் அதே சிஸ்டம்டி. வால்பேப்பரும், மென்பொருளை நிறுவித் தரும் பேக்கேஜ் மேனேஜரும் மட்டும் வேறு. இதைப் பன்மை என்று நான் கணக்கில் எடுப்பதில்லை.

நான் கேட்டுப் பார்ப்பது இரண்டே கேள்விகள். ஒரே பாதுகாப்பு ஓட்டை இரண்டு இயங்குதளங்களையும் சாய்க்குமா? ஒரே நிறுவனம் அல்லது ஒரே ஆள் எடுக்கும் முடிவு இரண்டையும் நிறுத்திவிடுமா? இரண்டுக்கும் 'இல்லை' என்று பதில் வந்தால்தான் அவை உண்மையிலேயே வெவ்வேறு இயங்குதளங்கள். உபுண்டுவும் அதிலிருந்து பிறந்த மின்ட்டும் முதல் கேள்வியிலேயே தோற்றுவிடும். ஆல்பைன் லினக்ஸ் கொஞ்சம் தேறும்: கெர்னல் அதேதான் என்றாலும் ஜிலிப்சிக்குப் பதில் மசுல், க்னூ கருவிகளுக்குப் பதில் பிஸிபாக்ஸ், சிஸ்டம்டி கிடையாது. ஓப்பன்பிஎஸ்டியையும் டெபியனையும் எடுத்தால் கெர்னல் முதல் முடிவெடுப்பவர்கள் வரை எல்லாமே வேறு. கீழே வரும் பதில்களில் 'இரண்டு கேள்விகள்' என்று நான் சொல்வது இவற்றைத்தான்.

ஒரே சிஸ்டம் இருந்தா எல்லாரும் அதையே சோதிப்பாங்க, ஓட்டை சீக்கிரம் அகப்பட்டுடுமே?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில், எல்லாரும் பயன்படுத்துகிறார்கள் என்பதற்காக எல்லாரும் படித்துப் பார்க்கிறார்கள் என்று ஆகிவிடாது. வேறு யாராவது பார்த்திருப்பார்கள் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வதுதான் அதிகம். சர்வரின் நினைவகத்திலிருந்து ரகசியங்களைக் கசியவிட்ட ஹார்ட்பிளீட் வழு, 2012 மார்ச்சில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறைகுறியாக்க நூலகத்தின் 1.0.1 பதிப்போடு வெளியே வந்தது. உலகின் பாதுகாப்பான இணையதளங்களில் பெரும்பங்கு நம்பியிருந்த மூலநிரல் அது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வெளியே தெரிந்தது 2014 ஏப்ரலில்.

அதில் இன்னொரு பாடமும் உண்டு. அப்போது ஃப்ரீபிஎஸ்டி 10-உம் அடி வாங்கியது, ஓப்பன்பிஎஸ்டியும் அடி வாங்கியது. இயங்குதளம் வேறாக இருந்தும், உள்ளே இருந்த நூலகம் ஒன்றுதானே! அதன்பிறகுதான் ஓப்பன்பிஎஸ்டிக்காரர்கள் ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் பிரித்தெடுத்து லிப்ரெஎஸ்எஸ்எல் என்று தனியாக நடத்தத் தொடங்கினார்கள். கூகுளும் தன் பங்குக்கு போரிங்எஸ்எஸ்எல் என்று ஒன்றைப் பிரித்தது.

எக்ஸ்இசட் விவகாரம்னு அடிக்கடி சொல்றாங்களே, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்னக் கருவி. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் அந்தத் திட்டத்தில் சேர்ந்து, ஈராண்டுக்கும் மேலாக ஒழுங்காக வேலை செய்து, நம்பிக்கை சம்பாதித்து, பொறுப்பாளராகவும் ஆனார். 2024 தொடக்கத்தில் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்கதவைச் செருகிவிட்டார். அந்தக் கதவின் சாவி வைத்திருப்பவர், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் சேவை வழியாகத் தனக்கு வேண்டிய கட்டளையை ஓட்டலாம். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர், டெபியனின் 'அன்ஸ்டேபிள்' என்ற வளர்நிலைப் பதிப்பில் எஸ்எஸ்ஹெச் நுழைவு ஏறக்குறைய அரை வினாடி தாமதமாவதைக் கவனித்தார். ஏன் என்று நோண்டிப் பார்த்ததில் விஷயம் வெளியே வந்தது. 2024 மார்ச் 29-இல் ஊருக்கே சொன்னார்.

அந்தப் பின்கதவு எங்கே வேலை செய்யும்படி எழுதப்பட்டிருந்தது என்று பாருங்கள். மென்பொருளைக் கட்டும்போதே அது சுற்றுமுற்றும் பார்க்கும்: 64 பிட் இன்டெல் வகை செயலியா, லினக்ஸா, ஜிலிப்சியா, டெபியன் அல்லது ஆர்பிஎம் பேக்கேஜாகக் கட்டுகிறார்களா. இல்லையென்றால் சத்தமில்லாமல் ஒதுங்கிவிடும். அதுமட்டுமில்லை, எஸ்எஸ்ஹெச் மென்பொருள் எக்ஸ்இசட் நூலகத்தைத் தொடுவதே இல்லை. சில டிஸ்ட்ரோக்கள் சிஸ்டம்டிக்குத் தகவல் சொல்வதற்காக எஸ்எஸ்ஹெச்சில் ஒரு ஒட்டுவேலை செய்திருந்தன. அந்த வழியில்தான் எக்ஸ்இசட் உள்ளே வந்தது. ஆர்ச்சில் அந்த ஒட்டு இல்லை. ஆல்பைனில் ஜிலிப்சியே இல்லை. பிஎஸ்டிகள் குறியிலேயே இல்லை.

தாக்க வருபவர் பெரும்பான்மை எதுவோ அதற்குத்தான் வலை விரிப்பார். பெரும்பான்மை எவ்வளவு ஒரே மாதிரி இருக்கிறதோ, அவர் வேலை அவ்வளவு சுலபம்.

அப்போ லினக்ஸைவிட பிஎஸ்டிதான் பாதுகாப்பானதுன்னு சொல்றீங்களா?

இல்லை. 1988 நவம்பரில் இணையத்தை முடக்கிய, தானாகவே பரவும் மாரிஸ் வார்ம் என்ற நிரல் தாக்கியது பிஎஸ்டி யூனிக்ஸ் ஓடிய வாக்ஸ், சன் இயந்திரங்களைத்தான். அன்றைக்கு வலையில் பெரும்பான்மை அதுதான். யார் பெரும்பான்மையோ அவர்களுக்கு அடி.

எஸ்எஸ்ஹெச் கதையே இரண்டு பக்கமும் வெட்டும். நாம் எல்லாரும் பயன்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சை எழுதுபவர்கள் ஓப்பன்பிஎஸ்டிக்காரர்கள். 2024 ஜூலையில் அதில் பெரிய வழு ஒன்று வெளியானது. நேரம் கடந்துபோன இணைப்பைத் துண்டிக்கும்போது, அந்த இடத்தில் அழைக்கவே கூடாத ஒரு செயல்கூற்றை அது அழைத்தது. ஜிலிப்சி லினக்ஸில் அதன் வழியாக ரூட் அதிகாரமே, அதாவது கணினியின் முழுக் கட்டுப்பாடே பறிபோகும் நிலை. ஓப்பன்பிஎஸ்டி தப்பித்தது, ஏனென்றால் அதே வேலைக்கு ஆபத்தில்லாத மாற்று வடிவத்தை அவர்கள் 2001-இலேயே எழுதிவைத்திருந்தார்கள். சரி, இதில் பெருமைப்படவும் இருக்கிறது, கவலைப்படவும் இருக்கிறது. உலகமே ஒரே எஸ்எஸ்ஹெச்சை நம்பியிருப்பதும் ஓர் ஏகபோகம்தான். நல்லவர்கள் எழுதியது என்பதால் அது பன்மை ஆகிவிடாது.

ஒரே வேலையை நாலு குழு தனித்தனியா செய்யறது வீண் உழைப்பு இல்லையா?

ஓரளவு வீண்தான், மறுக்கவில்லை. ஒரே வைஃபை அட்டைக்கு மூன்று குழுக்கள் மூன்று டிரைவர் எழுதுவதைப் பார்த்தால் எனக்கும் வயிறு எரியும். ஆனால் அந்த உழைப்பை ஒன்றாகக் குவித்துவிடலாம் என்று நினைப்பது கற்பனை. ஓப்பன்பிஎஸ்டியை மூடிவிட்டால் அங்கே இருப்பவர்கள் மறுநாள் வந்து லினக்ஸில் உட்கார மாட்டார்கள். அவர்கள் அங்கே இருப்பதே, தங்கள் வழியில் செய்து பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான்.

அப்படிச் செய்து பார்த்தவை எங்கே போய்ச் சேர்ந்தன என்று பாருங்கள். ஒரே கணினிக்குள் தனித்தனி அறைகள் போலப் பிரித்து ஓட்டும் ஜெயில் என்ற வசதி 2000-இல் ஃப்ரீபிஎஸ்டி 4.0-இல் வந்தது. 2005-இல் சோலாரிஸ் 10 அதே திசையில் ஜோன் என்று கொண்டுவந்தது. இன்று டாக்கர், கன்டெய்னர் என்று எல்லாரும் பேசுவது லினக்ஸில் வேறு முறையில் செய்யப்பட்ட அதே எண்ணம். கெர்னலுக்குள் சிறு நிரல்களை ஓட்டவிடும், லினக்ஸ் உலகம் இப்போது கொண்டாடும் இபிபிஎஃப்-இன் வேர், 1990-களின் தொடக்கத்தில் பிஎஸ்டிக்காக எழுதப்பட்ட, வலைத் தரவைப் பிரித்தெடுக்கும் பாக்கெட் வடிகட்டியில் இருக்கிறது. சோலாரிஸில் பிறந்த இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை ஃப்ரீபிஎஸ்டிக்குப் போய், லினக்ஸுக்கும் வந்து, 2020 முதல் இரண்டுக்கும் ஒரே மூலநிரலாக வளர்கிறது.

எனக்குப் பிடித்த உதாரணம் மிகச் சின்னது. சி மொழியில் ஓர் எழுத்துச் சரத்தை நகலெடுக்கும்போது இடம் போதாமல் பக்கத்து நினைவகத்தில் வழிந்துவிடுவது பழைய வியாதி. அதற்கு ஓப்பன்பிஎஸ்டி 1998-இல் எஸ்டிஆர்எல்காப்பி என்ற சிறு செயல்கூற்றை எழுதியது. ஜிலிப்சி பொறுப்பாளர்கள் இது தேவையில்லை என்று பல ஆண்டுகள் மறுத்தார்கள். 2023-இல் ஜிலிப்சி 2.38 பதிப்பில் சேர்த்துக்கொண்டார்கள். உலகில் ஜிலிப்சி மட்டுமே இருந்திருந்தால், முதல் 'வேண்டாம்' என்ற பதிலோடு அந்த யோசனை செத்திருக்கும். வேறு இடத்தில் இருபத்தைந்து ஆண்டுகள் உயிரோடு இருந்து, வேலை செய்து காட்டியதால்தான் வந்து சேர்ந்தது.

இப்படி சிதறிக் கிடக்கறதாலதானே டெஸ்க்டாப்ல ஜெயிக்க முடியல?

இதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். பெரும்பாலானவர்கள் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பதே இல்லை. வாங்கும் கருவியில் என்ன இருக்கிறதோ அதுதான். லினக்ஸ் கெர்னல் ஆண்ட்ராய்டாகக் கருவியோடு வந்தபோது கோடிக்கணக்கானோர் எந்தக் குறையும் சொல்லாமல் எடுத்துக்கொண்டார்கள். டெஸ்க்டாப்பில் அப்படிக் கருவியோடு வரவில்லை என்பதுதான் பெரிய காரணம்.

மீதிப் பாதி: ஒரே மென்பொருளை டெபியனுக்கு ஒரு பேக்கேஜ், ஃபெடோராவுக்கு ஒரு பேக்கேஜ் என்று கட்டித் தருவது உண்மையிலேயே எரிச்சல்தான். ஒரே பேக்கேஜ் பல டிஸ்ட்ரோக்களில் ஓடும்படி செய்யும் ஃப்ளாட்பேக் மாதிரியான முயற்சிகள் அதைக் குறைக்கின்றன. ஆனால் கவனியுங்கள், இந்த எரிச்சல் வருவது ஒரே குடும்பத்து டிஸ்ட்ரோக்களின் சில்லறை வேறுபாடுகளால். முன்பு சொன்ன இரண்டு கேள்விகளில் தேறாத வகை அது. அதைக் குறைத்தால் எனக்கு வருத்தமே இல்லை.

புரோகிராம் எழுதறவங்களுக்கு இது தலைவலிதானே?

தலைவலிதான், ஆனால் மருந்தும் அதிலேயே இருக்கிறது. போசிக்ஸ் என்ற பொது விதிமுறை 1988 முதல் இருக்கிறது. அதை மதித்து எழுதினால் பெரும்பாலான நிரல்கள் எல்லா இடத்திலும் கட்டமைந்துவிடும். மதிக்காத இடத்தில் வேறொரு இயங்குதளம் முறைத்துக்கொள்ளும். அந்த முறைப்பில் பல நேரம் உண்மையான வழு ஒளிந்திருக்கும். ஒரு செயலியில் தற்செயலாக ஓடும் நிரல், நெட்பிஎஸ்டி ஆதரிக்கும் ஏதோ ஒரு பழைய செயலியில் விழுந்துவிடும். போய்ப் பார்த்தால், இங்கேயும் என்றைக்காவது விழ வேண்டியதுதான்.

2038 பிரச்சினையை எடுத்துக்கொள்ளுங்கள். நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் கழிந்த வினாடிகளாக 32 பிட்டில் எண்ணினால், 2038 ஜனவரி 19-இல் எண் நிரம்பி வழிந்துவிடும். 2012-இல் நெட்பிஎஸ்டியும் 2014-இல் ஓப்பன்பிஎஸ்டியும் பழைய 32 பிட் கணினிகள் உட்பட எல்லாவற்றையும் 64 பிட் நேரத்துக்கு மாற்றின. மாற்றியவுடன் வெளியார் எழுதிய நிரல்கள் பல தடுமாறின. அவற்றைத் திருத்தி, திருத்தங்களை எழுதியவர்களுக்கே அனுப்பினார்கள். பெரிய கூட்டம் அதே பாதையில் வந்தபோது முட்கள் கொஞ்சம் அகற்றப்பட்டிருந்தன. சிறிய இயங்குதளத்தால் பின்னோக்கிய இணக்கத்தை, அதாவது பழைய நிரல்கள் அப்படியே ஓடும் என்ற உறுதியை, உடைத்துப் பார்க்க முடியும்; பெரியதால் அது எளிதில் முடியாது.

ஆனால் எதிர்த்திசையிலும் ஓர் இழுப்பு இருக்கிறது. இன்றைய டெஸ்க்டாப் சூழல்களில் சில சிஸ்டம்டியின் பகுதிகளை எதிர்பார்த்தே எழுதப்படுகின்றன. சிஸ்டம்டி வேண்டாம் என்ற லினக்ஸ்காரர்கள் அதன் உள்நுழைவுப் பகுதியை மட்டும் பிய்த்தெடுத்து இலாகின்ட் என்று ஓட்டுகிறார்கள். பிஎஸ்டிகளோ கிராஃபிக்ஸ் டிரைவர்களை லினக்ஸிலிருந்து எடுத்துத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்கின்றன, ஏனென்றால் பெரும்பாலான தயாரிப்பு நிறுவனங்கள் பிஎஸ்டிகளுக்கென்று எழுதித் தருவதில்லை. ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் பின்னால் ஓட வேண்டியிருக்கிறது. சிறிய குழுக்களை உண்மையில் தின்பது இந்த ஓட்டம்தான்.

கட்டற்ற மென்பொருள்ல ஏகபோகம் எப்படி வரும்? பிடிக்கலைன்னா ஃபோர்க் பண்ணிட்டுப் போயிடலாமே?

ஃபோர்க் செய்ய, அதாவது மூலநிரலைப் பிரித்துத் தனியாக நடத்த, உரிமை எல்லாருக்கும் இருக்கிறது. நடத்தத் தெம்பு எல்லாருக்கும் இல்லை. லினக்ஸ் கெர்னல் இன்று ஏறத்தாழ 4 கோடி வரி. அதைப் பிரித்து எடுத்தவர் மறுநாள் வரும் பாதுகாப்புத் திருத்தத்தை யாரை வைத்துப் பார்ப்பார்?

ஃபோர்க் வென்ற இடங்களைப் பார்த்தால், பிரிந்து போனவர்கள் ஏற்கெனவே அந்த வேலையைத் தெரிந்தவர்களாக இருந்திருப்பார்கள். 2004-இல், திரையில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ்ஃப்ரீ86 திட்டம் தன் உரிமத்தை மாற்றியபோது டிஸ்ட்ரோக்கள் அதிலிருந்து பிரிந்த எக்ஸ்.ஆர்க் பக்கம் சாய்ந்தன. ஆட்களும் அங்கே போனார்கள். 2010-இல் ஆரக்கிள் சன் நிறுவனத்தை வாங்கி ஓப்பன்சோலாரிஸை நிறுத்தியபோது இலூமோஸ் எழுந்தது. இசட்எஃப்எஸ் அதற்குள் ஃப்ரீபிஎஸ்டியிலும் வேரூன்றியிருந்ததால் ஒரு நிறுவனத்தின் முடிவோடு அது முடியவில்லை. ரெட் ஹாட் நிறுவனத்தின் வணிக லினக்ஸின் மூலநிரலிலிருந்து கட்டப்பட்ட இலவச டிஸ்ட்ரோவான சென்ட்ஓஎஸ் 8-க்கு 2020 டிசம்பரில் வந்த அறிவிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 2029 வரை ஆதரவு என்றிருந்தது, 2021 கடைசியோடு முடியும் என்றார்கள். ராக்கி, அல்மா என்று இரண்டு மாற்றுகள் சில மாதங்களில் வந்தன. ஆனால் அவையும் அதே ரெட் ஹாட் மூலத்தையே பார்த்திருக்கின்றன. 2023-இல் ரெட் ஹாட் மூலநிரல் வெளியிடும் முறையை மாற்றியதும் இரண்டும் மறுபடி வழி தேட வேண்டியதாயிற்று. இரண்டாவது கேள்வியில் தோற்றால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே சாட்சி. அன்றைக்கு டெபியனில் இருந்தவருக்கு இது வெறும் செய்தி.

லினக்ஸ் கெர்னலே ஏகபோகமாத்தானே ஆயிடுச்சு? அதையும் எதிர்ப்பீங்களா?

உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் 500-உம் லினக்ஸ்தான். இதைச் சாதனையாகவும் பார்க்கலாம். எனக்கு அந்த எண்ணைப் பார்த்தால் கொஞ்சம் உறுத்துகிறது. லினக்ஸ் கெட்டது என்பதால் அல்ல. பத்து இருபது ஆண்டுகள் கழித்து அது தவறான முடிவு ஒன்றை எடுத்தால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதால். ஒப்பீடு இல்லாத இடத்தில் குறை குறையாகவே தெரியாது. மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலரின் பிழைச் செய்திகள் பல ஆண்டுகள் புதிராகவே இருந்தன. பக்கத்தில் கிளாங் என்ற இன்னொரு கம்பைலர் வந்து தெளிவாகச் சொல்லிக் காட்டியபிறகுதான் அங்கேயும் மளமளவென்று மாற்றம் வந்தது.

லினக்ஸைப் பயன்படுத்துவதை நான் எதிர்க்கவில்லை. நானும் அதில்தான் பாதி நாள் இருக்கிறேன். லினக்ஸ் மட்டும் போதும் என்று நிரலிலும் வன்பொருளிலும் எழுதிவைத்துவிடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

உரிமமும் ஆளுக்கொண்ணா இருக்கே, அதுவும் நல்லதா?

இங்கே எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. லினக்ஸ் கெர்னலின் உரிமமான ஜிபிஎல், மாற்றிய நிரலைப் பிறருக்குக் கொடுத்தால் அதன் மூலநிரலையும் தரச் சொல்கிறது. பிஎஸ்டி உரிமம் மூலநிரலைத் தராமலே எடுத்துக்கொண்டு போகவிடுகிறது. இரண்டு வழியும் இருப்பது நல்லதே. ஆனால் உரிமங்கள் ஒன்றோடொன்று ஒட்டாதபோது நல்ல நிரல் வேலியில் நிற்கிறது. இசட்எஃப்எஸ் இன்னும் லினக்ஸ் கெர்னலுக்குள் சேராமல் வெளியிலிருந்தே ஏற்றப்படுவதற்கு அதன் உரிமம்தான் காரணம்.

பன்மை நல்லதுன்னா நானும் ஒரு டிஸ்ட்ரோ ஆரம்பிக்கலாமா?

கற்றுக்கொள்வதற்கு என்றால் தாராளமாக. பன்மையைக் கூட்டுவதற்கு என்றால் வேண்டாம். உபுண்டுவை எடுத்து நிறம் மாற்றினால் எதுவும் கூடாது. நீங்கள் எழுதும் நிரலை ஒரு பிஎஸ்டியிலும் கட்டிப் பார்த்துச் சோதியுங்கள், அல்லது ஆளில்லாமல் தவிக்கும் ஒரு பேக்கேஜைப் பராமரியுங்கள். அது பத்து புது டிஸ்ட்ரோவுக்குச் சமம்.

எங்க கம்பெனி சர்வர் எல்லாம் ஒரே டிஸ்ட்ரோ. பாதியை பிஎஸ்டிக்கு மாத்தணுமா?

மாற்ற வேண்டாம். ஒரே டிஸ்ட்ரோ என்றால் ஒரே முறையில் அப்டேட், ஒரே இடத்தில் கற்றல். அந்த வசதியை லேசில் விட்டுவிடக் கூடாது. சரியாகப் பார்க்கத் தெரியாத இரண்டாவது இயங்குதளம், நன்றாகத் தெரிந்த ஒன்றைவிட ஆபத்தானது.

ஒன்று விழுந்தால் எல்லாம் விழும் என்ற இடங்கள் மட்டும் எவை என்று பாருங்கள். இணையத்தின் பெயர்களைத் தேடித் தரும் டிஎன்எஸ் வேர் சர்வர்கள் இதற்கு நல்ல முன்மாதிரி. 13 அடையாளங்கள், அவற்றை நடத்த 12 அமைப்புகள். வன்பொருளும் இயங்குதளமும் வேறுவேறு. பைண்ட், என்எஸ்டி, நாட் என்று டிஎன்எஸ் மென்பொருளும் வேறுவேறு. திட்டமிட்டே அப்படி வைத்திருக்கிறார்கள். உங்கள் அளவில் இரண்டு டிஎன்எஸ் சர்வர் இருந்தால் ஒன்றை மட்டும் வேறு இயங்குதளத்தில், வேறு மென்பொருளில் வைக்கலாம். பேக்கப் சர்வர், முக்கியமான ஃபயர்வால், மற்றவை எல்லாம் முடங்கினாலும் உள்ளே போக வேண்டிய அந்த ஒரு அவசர வாசல், இவையும் அந்த வரிசையில் வரும். மற்ற வெப் சர்வர்கள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.